வீட்டையே ஓட்டிக்கொண்டு எல்லை தாண்டியபோது

2023 ஜூலை 1, சனிக்கிழமை. வாஷிங்டன் மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் சூமாஸ் என்ற சின்ன ஊரின் எல்லைச் சாவடி. படுக்கை, அடுப்படி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியான ஆர்வி, 28 அடி நீளம். அதன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான். பக்கத்து இருக்கையில் மதுரையிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த அப்பா. பின்னால் சாப்பாட்டு மேசையில் 9 வயது மகளும் 6 வயது மகனும். கனடா அதிகாரி பாஸ்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு முதலில் கேட்டது, "இது யாருடைய வண்டி?" அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்த ஒரு கேள்வியில் தொடங்கி, பத்து நாள் கழித்து அதே ஊர் வழியாகத் திரும்பி வந்தபோது நடந்தது வரைக்கும் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். கிளம்புவதற்கு முன் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நாங்கள் சியாட்டில் பக்கம் குடியிருக்கிறோம். ஆர்வி எடுத்துக்கொண்டு கனடாவின் மலைப் பகுதியில் இருக்கும் பான்ஃப், லேக் லூயிஸ் போய்வர வேண்டும் என்பது மூன்று வருடத் திட்டம். அப்பாவும் வருகிறார் என்றதும் இந்த வருடமே போய்விடலாம் என்று முடிவு செய்தோம். முன்கூட்டியே லேக் லூயிஸ் கேம்ப்கிரவுண்டில், அதாவது வண்டியை நிறுத்தித் தங்கும் முகாமில், இடம் போட்டோம். வண்டியை ஓர் இணையதளம் வழியாக ஒரு தனிநபரிடம் 9 இரவுக்கு வாடகைக்குப் பேசினோம். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது கணவரின் அலுவலகத்தில் வேலை சிக்கலாகி, அவரால் வர முடியாது என்று ஆகிவிட்டது. ரத்து செய்தால் வண்டி வாடகை 2,300 டாலரும் போய்விடும். நானும் ஒப்பந்தத்தில் கூடுதல் ஓட்டுநராக இருந்தேன். "நான் ஓட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். பயம் இருந்தது, ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்து "போக வேண்டாம்" என்று சொல்ல மனம் வரவில்லை.

சாவடியில் அதுதான் சிக்கலானது. வண்டியின் பதிவு ஒருவர் பெயரில். வாடகை ஒப்பந்தம் என் கணவர் பெயரில். ஓட்டி வந்திருப்பது நான். மூன்று பெயரையும் இணைக்கும் காகிதம் ஒன்றுகூட என் கையில் இல்லை. எல்லாம் கணவரின் மின்னஞ்சலில் இருந்தது. அதோடு, பிள்ளைகளின் அப்பா இல்லாமல் அம்மா மட்டும் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போகிறாள் என்றால், மற்ற பெற்றோரின் சம்மதக் கடிதம் இருக்கிறதா என்று கேட்பார்கள். பிள்ளைக் கடத்தலைத் தடுக்கத்தான் கேட்கிறார்கள், அதில் தப்பே இல்லை. என்னிடம் அந்தக் கடிதமும் இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி உள்ளே வரச் சொன்னார்கள். வரிசையில் காத்திருந்தது 1 மணி 20 நிமிடம். உள்ளே 2 மணி 40 நிமிடம். கணவர் ஏதோ கூட்டத்தில் இருந்ததால் நான்கு முறை அழைத்தும் எடுக்கவில்லை. மகன் "நம்மளப் போலீஸ் பிடிச்சிருச்சாம்மா?" என்று கேட்டபோது அழுகை தொண்டை வரைக்கும் வந்தது. கடைசியில் கணவர் எடுத்தார், அதிகாரி அவரிடம் நேரடியாகப் பேசினார், ஒப்பந்தமும் உரிமையாளரின் காப்பீடும் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தன. விட்டுவிட்டார்கள். அந்த அதிகாரிகள் யாரும் என்னிடம் முகம் சுளிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆகவே முதலில் இதைச் செய்யுங்கள். ஓட்டப்போகிறவர் பெயரிலேயே வாடகை ஒப்பந்தத்தைப் போடுங்கள். வண்டியைக் கனடாவுக்குள் கொண்டுபோகச் சம்மதம் என்று உரிமையாளரிடம் தேதியோடு ஒரு கடிதம் கையெழுத்து வாங்குங்கள். பதிவுச் சான்றின் நகல், காப்பீட்டுச் சான்று இரண்டையும் காகிதமாக எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் காப்பீடு பெரும்பாலும் கனடாவிலும் செல்லும், ஆனால் அதற்கென்று கனடாவுக்கான பொறுப்புக் காப்பீட்டு (நம்மால் மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு) அட்டை ஒன்று உண்டு. காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டால் கொடுப்பார்கள். எல்லை தாண்டியதும் வரும் கனடிய மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் குறைந்தபட்சப் பொறுப்புக் காப்பீடு 2,00,000 கனடிய டாலர். அமெரிக்காவில் பல மாநிலங்களின் குறைந்தபட்சம் இதைவிட மிகக் குறைவு, அதனால் உங்கள் பாலிசி அந்த அளவுக்கு வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் போனால் சம்மதக் கடிதத்தை நோட்டரியிடம் கையெழுத்தாக்குங்கள். கடிதத்தில் தொலைபேசி எண்ணைப் போடுவதோடு, அந்த நாளில் அந்த எண்ணை எடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

விசா விஷயத்தில் நாங்கள் தப்பித்தது முன்கூட்டியே படித்ததால்தான். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க விசா இருந்தாலும் கனடா விசா தனியாக வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் வேண்டாம். அப்பாவுக்கு விசாக் கட்டணம் 100 கனடிய டாலர், விரல்ரேகைக்கு 85. வந்து சேர ஏழு வாரம் ஆனது. என் பாஸ்போர்ட்டில் எச்1பி என்ற அமெரிக்க வேலை விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. 30 நாளுக்குள் கனடா போய்த் திரும்பினால், செல்லுபடியாகும் ஐ-94 (அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்று காட்டும் நுழைவுப் பதிவு) கையில் இருந்தால், அங்கே புது முத்திரைக்கு விண்ணப்பிக்காமல் இருந்தால், பழைய முத்திரையோடே திரும்ப வரலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அமெரிக்க அரசு விதித் தொகுப்பில் 22 சிஎஃப்ஆர் 41.112(டி) என்பது அதன் எண். அந்தப் பக்கத்தை அச்சிட்டு, ஐ-94, எச்1பி ஒப்புதல் கடிதமான ஐ-797 இரண்டையும் சேர்த்து வைத்திருந்தேன். திரும்பும்போது அது உதவியது. போகும்போது ஐ-94 ஐ யாரிடமும் கொடுத்துவிடக் கூடாது. இன்னொன்று, அம்மா அப்பாவைக் கனடாவுக்குக் கூட்டிப் போய் வந்தால் அமெரிக்காவில் தங்கும் ஆறு மாதம் புதிதாகத் தொடங்கும் என்று நம் ஆட்களில் பலர் நம்புகிறார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். அப்பாவைப் பழைய தேதி வரைக்கும்தான் விட்டார்கள். அமெரிக்காவில் பிறந்த 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் தரைவழியில் திரும்பிவரப் பிறப்புச் சான்று நகலே போதும். இருந்தாலும் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு போவதுதான் நிம்மதி.

உள்ளே காத்திருந்த நேரத்தில் வண்டியையும் சோதனை போட்டார்கள். வழியில் ஒரு கடையில் 24 டாலருக்கு மூன்று கட்டு விறகு வாங்கி வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டார்கள். விறகுக்குள் ஒளிந்திருக்கும் பூச்சிகள் காட்டை அழித்துவிடும் என்பதால் அமெரிக்க விறகு கனடாவுக்குள் போகக் கூடாது. பான்ஃப் கேம்ப்கிரவுண்டில் தீ மூட்ட அனுமதிச் சீட்டு வாங்கினால் விறகும் அதிலேயே அடக்கம், அதனால் சுமந்து போகத் தேவையே இல்லை. கரடியை விரட்டும் ஸ்ப்ரே வைத்திருந்தேன். அதை எடுத்துப் பார்த்துவிட்டு, விலங்குகளுக்கானது என்று லேபிளில் இருந்ததால் திருப்பிக் கொடுத்தார்கள். மனிதர்கள் மேல் அடிக்கும் பெப்பர் ஸ்ப்ரே என்றால் கனடாவில் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். சாவிக்கொத்தில் மாட்டி வைத்திருக்கும் பெண்கள் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கஞ்சா வாஷிங்டனிலும் சட்டப்படி விற்கிறார்கள், கனடாவிலும் 2018 அக்டோபரிலிருந்து விற்கிறார்கள், ஆனால் நடுவில் இருக்கும் கோட்டைத் தாண்டி ஒரு கிராம்கூடக் கொண்டுபோகக் கூடாது. வாடகை வண்டியில் முந்தைய ஆள் எதையாவது விட்டுப் போயிருப்பாரோ என்று எனக்கு அந்த நேரத்தில்தான் உறைத்தது. உடம்பு சில்லிட்டுப்போனது. வண்டி கைக்கு வந்ததும் ஒவ்வோர் இழுப்பறையும், மெத்தைக்கு அடியும், வெளிப்பக்க அறைகளும் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் ஓட்டுநர்தான்.

கார் எல்லை தாண்டினால் டிக்கியைப் பார்ப்பார்கள். ஆர்வி என்பது லாரி, வீடு, அடுப்படி மூன்றும் சேர்ந்தது. லாரிக்குரிய காகிதம், வீட்டில் இருக்கும் சாமான்களுக்கான கணக்கு, அடுப்படியில் கிடக்கும் இலை தழை வரைக்கும் எல்லாமே கேள்விக்கு உட்பட்டது. நான் அதை ஒரு பெரிய கார் என்று மட்டுமே மனதில் வைத்துத் திட்டம் போட்டிருந்தேன். நான் பட்டதெல்லாம் அந்த நினைப்பால்தான்.

அன்று இரவு ரெவல்ஸ்டோக்கில் தங்க வேண்டியது. நாலு மணி நேரம் எல்லையிலேயே போனதால் கம்லூப்ஸ் வரைக்கும்தான் போக முடிந்தது. ரெவல்ஸ்டோக் முன்பணம் 68 கனடிய டாலர் போனது. ஜூலை 1 கனடாவின் தேசிய நாள், அடுத்து ஜூலை 4 அமெரிக்க விடுமுறை. இந்த வார இறுதியில் எல்லை தாண்டாதீர்கள். தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் முதல் நாள் இரவுக்கான இடத்தை எல்லையிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோப் ஊரைத் தாண்டியதும் கொக்கஹாலா நெடுஞ்சாலை. அதன் கணவாய் 1,244 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறும்போது வண்டி 40 மைலுக்கு மேல் போகவில்லை, பின்னால் வரிசை கட்டி நின்றார்கள். வலப்பக்க வழியிலேயே போய்க்கொண்டிருந்தால் போதும், யாரைப் பார்த்தும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆபத்து இறக்கத்தில்தான் வருகிறது. மெரிட் தாண்டி கம்லூப்ஸுக்கு இறங்கும் நீண்ட சரிவில், கார் ஓட்டும் பழக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரத்தில் ரப்பரும் இரும்பும் கருகுகிற மாதிரி நாற்றம். அப்பா மதுரையில் 22 வருடம் அரசு பஸ் பணிமனையில் வேலை பார்த்தவர். "பாப்பா, பிரேக்ல இருந்து காலை எடு. கியரைக் குறை. வண்டிய இன்ஜின் பிடிச்சுக்கும்," என்றார். கியரைக் குறைத்ததும் இன்ஜின் உறுமியது, ஆனால் வேகம் தானாக அடங்கியது. ஓரிடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் கிளம்பினோம். அவர் மட்டும் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் என்று இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. திரும்பும் வழியில் ஹோப் நோக்கி இறங்கும் சரிவு இன்னும் செங்குத்து, 8 சதவீதம். பிரேக் பிடிக்காத லாரிகள் ஏறி நிற்க மணல் பாதை வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மலை உச்சியிலேயே கியரைக் குறைத்துவிட்டு இறங்கத் தொடங்குங்கள், இறங்கிக்கொண்டிருக்கும்போது குறைப்பது தாமதம். வண்டியை எடுக்கும் நாளில், இறக்கத்தில் கியரைக் குறைவாக வைக்க உதவும் 'டோ ஹால்' பொத்தான் எங்கே இருக்கிறது, அது என்ன செய்யும் என்று உரிமையாளரையே கேட்டு, ஒரு மேட்டில் ஓட்டிப் பழகுங்கள்.

இன்னும் சில. அங்கே வேகப் பலகையில் 100 என்றால் அது கிலோமீட்டர், அதாவது 62 மைல். பாலங்களின் உயரம் மீட்டரில் எழுதியிருக்கும். எங்கள் வண்டி 11 அடி 6 அங்குலம், அதாவது 3.5 மீட்டர். நான் ஒரு தாளில் 3.6 என்று பெரிதாக எழுதி ஸ்டியரிங் முன்னால் ஒட்டினேன், கொஞ்சம் கூட்டியே எழுதுவதுதான் பாதுகாப்பு. பெட்ரோல் போடும்போது சமையல் வாயுவை அணைத்துவிட வேண்டும். ஒரு காலனுக்கு 15 மைலாவது கொடுக்கும் என்று நினைத்திருந்தேன், 9 தான் கொடுத்தது. கிட்டத்தட்ட 750 டாலர் பெட்ரோலுக்கே போனது. வாடகையில் ஒரு நாளைக்கு 100 மைல்தான் சேர்த்தி, 9 நாளுக்கு 900. நாங்கள் ஓடியது 1,340. மிச்சத்துக்கு மைலுக்கு 45 சென்ட் வீதம் 198 டாலர் கட்டினேன். சியாட்டிலிலிருந்து லேக் லூயிஸ் எத்தனை மைல் என்று முன்பே கூட்டிப் பார்த்திருந்தால் ஆரம்பத்திலேயே கூடுதல் மைலைக் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கலாம்.

கம்லூப்ஸில் எல்லாரும் தூங்கிய பிறகு, அப்பாவின் மருத்துவக் காப்பீட்டை எடுத்துப் படித்தேன். அமெரிக்காவுக்கு மட்டும்தான் என்று இருந்தது. 71 வயது, சர்க்கரை நோய். அன்று ராத்திரி வயிற்றைப் பிசைந்த பயத்தை என்னால் சொல்ல முடியாது. உடனே இணையத்தில் 61 டாலருக்கு கனடாவுக்கான காப்பீடு வாங்கிய பிறகுதான் கண்ணை மூடினேன். பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் இதைப் பாருங்கள், என்னைப் போல நடு இரவில் அல்ல.

கோல்டன் ஊரை நெருங்கும்போது கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும். பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள்ளேயே நேரம் மாறுகிறது என்பது எனக்குத் தெரியாது. லேக் லூயிஸ் பக்கத்தில் இருக்கும் மொரெய்ன் லேக் என்ற ஏரிக்குப் போகும் சாலையில் 2023 முதல் சொந்த வண்டிகளை விடுவதில்லை, பஸ்ஸில்தான் போக வேண்டும். அந்தப் பஸ் இருக்கைகளில் ஒரு பகுதியை இரண்டு நாள் முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கிறார்கள். அது அந்தப் பகுதியின் மலை நேரப்படி (மவுன்டன் டைம்) 8, சியாட்டில் நேரப்படி 7. முதல் நாள் ஒரு மணி நேரம் பிந்தி உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் தீர்ந்திருந்தது. மறுநாள் 7 மணிக்கே காத்திருந்து நாலு இடம் பிடித்தேன்.

மொரெய்ன் லேக் கரையில் கழிந்த காலையைப் பற்றி இரண்டு வரி எழுதாமல் இருக்க மனமில்லை. பனியாறு அரைத்த பாறைத் தூள் தண்ணீரில் மிதப்பதால் அந்த நீலம் வருகிறது என்று மகள் தாத்தாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அப்பா கேட்டுக்கொண்டே கரையில் உட்கார்ந்து காலை நனைத்தார். "உங்கம்மா பார்த்திருக்கணும்," என்று மட்டும் சொன்னார். அம்மா போய் அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. எல்லையில் உட்கார்ந்திருந்த நாலு மணி நேரத்தையும் அந்த ஒரு காலைக்காக நான் மறுபடி உட்காருவேன்.

லேக் லூயிஸ் கேம்ப்கிரவுண்டில் எங்கள் பகுதி கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டும். கரடி நடமாட்டம் இருப்பதால் கூடாரமோ, துணி மடிப்பு வைத்த வண்டியோ அங்கே கூடாது. கூடாரக்காரர்களுக்கு மின்வேலி போட்ட தனி இடம் இருக்கிறது. வண்டியை வாடகைக்குப் பேசும் முன்பே இதைக் கவனியுங்கள். எங்கள் இடத்தில் மின்சாரம் உண்டு, தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் இல்லை. கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் இடத்தை அங்கே 'சானி டம்ப்' என்கிறார்கள். காலை 10 மணிக்குப் போனால் முன்னால் 11 வண்டி நின்றது, அடுத்த நாள் 7 மணிக்குப் போனேன், யாருமே இல்லை. முதல் முறை அந்தக் குழாயை மாட்டும்போது தனியாக நின்று அழுதேன். இரண்டாம் முறை பத்து நிமிடத்தில் முடித்தேன். தடித்த கையுறை நாலு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். கழிப்பறைக் கழிவு சேரும் கறுப்புத் தொட்டியை முதலில் திறந்துவிட்டு, குளித்த தண்ணீர்த் தொட்டியை அடுத்துத் திறந்தால் குழாய் தானாகக் கழுவிக்கொள்ளும். ரயில் பாதை பக்கத்திலேயே ஓடுகிறது, இரவெல்லாம் சரக்கு ரயில். தூக்கம் லேசாக இருப்பவர்கள் காதுக்குப் பஞ்சு எடுத்துப் போங்கள்.

கடைசி நாளுக்கு வருகிறேன். ஆபட்ஸ்ஃபோர்டில் 1911-இல் சீக்கியர்கள் கட்டிய குருத்வாரா இருக்கிறது, கனடாவின் தேசிய வரலாற்றுச் சின்னம். அப்பா பார்க்க ஆசைப்பட்டார், போனோம். பக்கத்துக் கடையில் பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்க நான் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா அந்த நேரத்தில் ஒரு கட்டுக் கறிவேப்பிலையும் நாலு ஆரஞ்சும் வாங்கி, இலையை ஈரத் துணியில் சுற்றி ஆர்வியின் ஃபிரிட்ஜில் அடித்தட்டில் வைத்திருக்கிறார். வீட்டுக்குப் போனதும் ரசம் வைக்கலாம் என்று. எனக்குத் தெரியாது. அரை மணி நேரத்தில் அமெரிக்கச் சாவடி. "பழம், காய்கறி, இறைச்சி, செடி ஏதாவது?" என்று அதிகாரி கேட்டார். "ரொட்டி மட்டும்தான்," என்றேன். உள்ளே வரச் சொல்லி ஃபிரிட்ஜைத் திறந்தார்கள்.

300 டாலர் அபராதம். அதிகாரி காரணத்தை விளக்கினார். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் ஒரு நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையில் தங்கி வளரும். அந்த நோய் 2005-இல் ஃப்ளோரிடாவுக்குள் வந்து அங்கே ஆரஞ்சுத் தோட்டங்களையே அழித்துவிட்டது. அதனால்தான் பச்சைக் கறிவேப்பிலை உள்ளே வரக் கூடாது. கனடாவில் விளையாத ஆரஞ்சும் கூடாது. என்னை அறுத்த விஷயம் வேறு. அவை இருக்கின்றன என்று நான் முன்கூட்டிச் சொல்லியிருந்தால், எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு அனுப்பியிருப்பார்கள், ஒரு காசு அபராதம் இருந்திருக்காது. சொல்லாமல் இருந்ததற்குத்தான் தண்டனை. ஆகவே எல்லைக்கு முந்தைய பெட்ரோல் பங்கில் நிறுத்தி, வண்டியில் இருக்கும் ஒவ்வொருவரையும் "என்ன வாங்கினீர்கள், எங்கே வைத்தீர்கள்" என்று கேளுங்கள், பெரியவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். ஃபிரிட்ஜ், பழக்கூடை, பிள்ளைகளின் பை எல்லாம் திறந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் "இது இருக்கிறது, சரியா" என்று நீங்களே சாவடியில் சொல்லிவிடுங்கள்.

அப்பா வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கைவிரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "இருபத்தஞ்சாயிரம் ரூபாய்மா," என்றார். "ரெண்டு டாலர் கறிவேப்பிலைக்கு." சியாட்டில் வரும் வரை பேசவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் துளியும் இல்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான்.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். ரெவல்ஸ்டோக் 50 அமெரிக்க டாலர், விறகு 24, கூடுதல் மைல் 198, காப்பீடு 61, வெளிநாட்டுச் செலவுக்கு கிரெடிட் கார்டு பிடித்தது 40, அபராதம் 300. மொத்தம் 673 டாலர், முன்பே தெரிந்திருந்தால் இதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். கார்டு விஷயத்தில், வெளிநாட்டுக் கட்டணம் பிடிக்காத கார்டுகள் இருக்கின்றன, ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் அடுத்த வீட்டுக் குடும்பம் அதே வழியில் ஆர்வியில் கிளம்பினார்கள். என் காகிதக் கட்டை அப்படியே நகலெடுத்துக் கொடுத்தேன். அப்போது மதுரையிலிருந்து வீடியோ அழைப்பில் அப்பா இருந்தார். போனை அவர்களிடம் கொடுக்கச் சொன்னார். "தம்பி, திரும்பி வர்றப்ப பார்டருக்கு முன்னாடி ஃபிரிட்ஜத் திறந்து பாருங்க. அடித்தட்டையும் பாருங்க," என்றார்.